முக்கில் நிற்க வேண்டியவன்: அத்தியாயம் பதினொன்று

விபத்து நடந்த பத்தாம் நாள் காலையில் சுடலைக்கண்ணன் உடன்குடி வந்து சேர்ந்தான். ஆம்புலன்சில், சீல் வைத்த ஒரு நீளப் பெட்டியில்.

கிர்கிஸ்தான் மலைகளைப் பைக்கில் சுற்றிப் பார்க்க நம் பக்கத்திலிருந்து பதினொரு பேர் போனார்கள். முன்னால் வழிகாட்ட அந்த நாட்டுக்காரன் ஒருவன். கடைசி வண்டியில் தூத்துக்குடி ஷாம். இந்தப் பயணங்களை நடத்துகிறவனே அவன்தான். என் மகன் கிளைட்டனும், உடன்குடி கருப்பட்டி வியாபாரியின் ஒரே மகன் சுடலைக்கண்ணனும் கல்லூரி நாளிலிருந்து சிநேகிதர்கள். சேர்ந்துதான் போனார்கள். கிளைட்டன் ஐந்து நாளைக்கு முன்பே விமானத்தில் திரும்பிவிட்டான்.

போன வாரம் அவன் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சொன்னது இதுதான். ரோடு பிரிகிற ஒரு மலை முக்கில் இவன் நின்று வழி காட்டியிருக்கிறான். சுடலைக்கண்ணன் இவன் காட்டிய இடப்பக்கமே திரும்பிப் போயிருக்கிறான். அப்புறம் ஆற்றைப் படம் பிடிக்கிற ஆசையில், யாரிடமும் சொல்லாமல், ஏதோ ஓர் ஆட்டுப்பாதை வழியாக, முக்கிலிருந்து நேராகப் போகிற பழைய ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். அந்த ரோட்டின் பாலத்தை முந்தின நாள் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு நாள் தேடி, ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஆற்றில் அவன் உடலை எடுத்தார்கள்.

அந்த நாட்டுப் போலீசும் அப்படியே எழுதிக் கொடுத்தது. கண்ணால் பார்த்த சாட்சி என் மகன் ஒருவன்தான். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன். முப்பத்தொரு வருஷம் தோணி ஓட்டிய தண்டல் நான். கொழும்பு, மாலத்தீவு என்று எத்தனையோ பேருடைய சரக்கும் எத்தனையோ பேருடைய பிள்ளைகளும் என் சொல்லை நம்பித்தான் கடலில் இறங்கினார்கள். தண்டல் வீட்டுச் சொல்லை இதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அன்று காலை ஆறரை மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கீழே வந்தேன். கிளைட்டன் கைலியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்கவில்லை.

"கிளம்பலியா?"

"நான் வரலப்பா."

"என்னலே சொல்லுத?"

"தலை வலிக்கு."

"கூடப் போனவன் நீ. நீ வராம வேற யார் வாறது? ஊரு என்ன நினைக்கும்?"

என் மனைவி பிளாரன்ஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்ததுலருந்து பிள்ள ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடல. விட்ருங்களேன்."

"நீ உள்ள போ. எழுபது வயசுல நான் நெஞ்சு நிமித்திப் போறேன், முப்பத்திரண்டு வயசுக்காரனுக்குத் தலைவலியாம்."

கிளைட்டனின் மனைவி அனிஷா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷனைத்தான் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "சட்டை எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் அவனிடம். அவ்வளவுதான். அவன் எழுந்து போய் மாற்றிக்கொண்டு வந்தான்.

பிளாரன்சுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டோம். திருச்செந்தூர் வழியாகக் கிளைட்டன் காரை ஓட்டினான். மாலையை என் மடியில் வைத்திருந்தேன்.

சுடலைக்கண்ணன் வீட்டு முன்னால் தகரப் பந்தல் போட்டு, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் பெட்டியை வைத்திருந்தார்கள். திறக்கக் கூடாது என்று கூட வந்த தாளில் எழுதியிருந்ததாம். பெட்டியின் மேல் அவனுடைய கல்யாணப் போட்டோவிலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்த படம் ஒன்றை வைத்திருந்தார்கள். பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

சுடலைக்கண்ணனின் அப்பா சிவனணைந்தபெருமாள் வாசலிலேயே நின்றார். அவர் கருப்பட்டிச் சிப்பங்கள் இருபது வருஷம் என் தோணியில் ஏறியிருக்கின்றன. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தண்டல் அண்ணாச்சி. பாருங்க, எப்படி வந்திருக்கான்னு."

நான் மாலையை வைத்தேன். கிளைட்டன் எனக்குப் பின்னால் வந்தான், பெட்டியைத் தொட்டான், உடனே கையை எடுத்துக்கொண்டான். அவன் காருக்குப் போவதைப் பார்த்து, தாங்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அனிஷா பெண்கள் பக்கம் போனாள்.

ஆண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கருப்பட்டிக் காப்பி வந்தது. எனக்கு முன் வரிசையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பைக் ஓட்டுததுக்கு அம்புட்டு தூரம் போணுமாக்கும்? நம்ம திருச்செந்தூர் ரோட்டுல இல்லாத பள்ளமா?"

"போனவன் கூட்டத்தோட போகாண்டாமா? படம் எடுக்கப் போனானாம், படம். ஆட்டுக்குட்டி கூட மந்தைய விட்டுப் போகாது."

"ஒத்தப் பிள்ளன்னு செல்லம். யார் சொல்லைக் கேட்டான் அவன்?"

இந்தப் பேச்சு ஒரு வாரமாக ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து புறப்பட்ட பேச்சு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பந்தலின் ஓரத்தில் ஷாம் நின்றுகொண்டிருந்தான். பெட்டியோடு பயணம் செய்து வந்தவன். கண் சிவந்து, சட்டை கசங்கி இருந்தது. அவனைச் சுற்றி நாலைந்து பேர். சுடலைக்கண்ணனின் மனைவி உமாராணியின் அண்ணன் அவன் சட்டைக் காலரைப் பிடிக்காத குறை.

"எங்க மாப்பிள்ளைய ஒன்ன நம்பித்தானல அனுப்புனோம்? பதினோரு உருப்படிய ஒழுங்கா எண்ணத் தெரியாதவன் எதுக்குல கூட்டிட்டுப் போன? எடுத்து முடியட்டும், ஸ்டேஷனுக்குத்தான் நீ."

சிவனணைந்தபெருமாள் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேக்கணும். போலீசு எழுதுனது எனக்கு வேண்டாம். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஒங்க மகன் முக்குல நின்னு வழி காட்டுனாரா? எம்மவன் அந்த வழில திரும்புனதப் பாத்தாரா? நீங்க சொல்லுங்க. ஒங்க வாய்ச்சொல்லு போதும்."

நான் எழுந்து நின்று சொன்னேன்.

"காட்டினான், அண்ணாச்சி. கண்ணால பாத்தேன்னு எங்கிட்ட சொன்னான். என் வீட்டுல பொய் சொல்லுத பழக்கம் இல்ல."

அவர் உமாராணியின் அண்ணனிடம் திரும்பினார்.

"கேட்டியா? எம்பிள்ள செஞ்ச தப்புக்கு இன்னொருத்தன் பிள்ளையப் பிடிக்காத. ஸ்டேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து உமாராணி எழுந்து வந்தாள். ஆண்கள் கூட்டத்துக்குள் ஒரு பெண் அப்படி வருவது அந்த ஊரில் வழக்கமில்லை. யாரோ "ஏளா, உள்ள போ" என்றார்கள். அவள் நின்றாள்.

"அவிய அப்படிப் போற ஆளில்ல, மாமா. பஜாருக்குக் கூட்டிட்டுப் போனா வழியில யாருமே இல்லாத சிக்னல்லயும் நிப்பாவ. நானே சடச்சித் திட்டியிருக்கேன். வழி காட்டுன பொறவு வேற வழில போனாவன்னா நான் நம்ப மாட்டேன்."

"நம்பாட்டா என்னளா செய்ய? பெரியவரு வந்து சொல்லுதாரு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்த எனக்குக் காரணம் இல்லை, அந்த நிமிஷம் வரை. இரண்டு பெண்கள் வந்து அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எடுப்பது மூன்று மணிக்கு என்று சொன்னார்கள். இரண்டு மணி வாக்கில் ஷாம் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நன்றிய்யா. நீங்க பேசலன்னா என்னைய இன்னைக்குப் பிச்சிருப்பாங்க."

"உண்மையச் சொன்னேன்."

எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "முக்குல நிக்கது, முக்குல நிக்கதுங்கீங்களே தம்பி, அது என்ன கணக்கு?"

ஷாம் சொன்னான். மலையில் ஒரு வண்டிக்கு இன்னொரு வண்டி தெரியாது. ஒவ்வொன்றும் அரை மைல், ஒரு மைல் தள்ளித்தான் வரும். அதனால் ரோடு பிரிகிற ஒவ்வொரு முக்கிலும், வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவனை இறக்கி நிறுத்துவார்கள். அவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். கடைசி வண்டி வரும்வரை, மழையோ வெயிலோ, அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அடுத்த முக்குக்கு அடுத்த ஆள்.

"ஒண்ணுக்கு வந்தா?"

"அங்கனயேதான் அண்ணாச்சி. அசையக் கூடாதுன்னா அசையக் கூடாது."

"முக்குல ஆளே இல்லன்னா?"

"ஆள் இல்லன்னா நேரா போகணும். அதுதான் விதி. முதல் நாளே சொல்லி, ஒவ்வொருத்தர்ட்டயும் திருப்பிச் சொல்லச் சொல்லுவோம். ஆள் நின்னா திரும்பு, ஆள் இல்லன்னா நேரா போ."

"இவனுக்குத்தான் ஆள் நின்னுச்சே."

"ஆமா. கிளைட்டன் நின்னான். எனக்கு முன்னால வந்த கோயம்புத்தூர்க்காரருக்குப் பஞ்சர். நான் அங்கன மாட்டிக்கிட்டேன். சுடலையக் காக்க வைக்க வேண்டாம்னு 'நீ போ, முக்குல கிளைட்டன் நிப்பான்'னு அனுப்பினேன். நம்ம ஊர் நேரத்துக்கு எட்டரை மணி. முக்கு பத்து நிமிஷம்தான். நான் ஒன்பதே காலுக்குப் போனேன். கிளைட்டன் அங்கனயே நிக்கான். சுடலை எப்பவோ போயாச்சுன்னான்."

"ஒரு போன் அடிச்சிக் கேட்டிருந்தா?"

"அந்த முக்குல டவரே கிடையாது அண்ணாச்சி. ஒரு புள்ளி கூட வராது. இடப்பக்கம் ரெண்டு கிலோமீட்டர் மேல ஏறி ஒரு மேடு இருக்கு, அங்கன போனாத்தான் போன் எடுக்கும். அதனாலதான் தேடவே சாயங்காலம் ஆயிட்டு."

காப்பி டம்ளர் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

விபத்து நடந்த அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். கொடியை ஏந்தி வருகிற உரிமை நாலு தலைமுறையாகத் தண்டல் வீட்டுக்கு உரியது. கொடி ஏறும்போது எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேர் கையும் கயிற்றில் இருக்க வேண்டும். போன வருஷமே மேலத்தெருவில் ஒருவன், "தண்டல் வீட்டுல கயிறு பிடிக்க ஆளில்ல, வேற வீட்டுக்குக் கொடுங்க" என்று கமிட்டியில் பேசியிருந்தான். அதனால் கிளைட்டன் எங்கே இருந்தாலும் வீடியோவில் வர வேண்டும், அந்தப் போனைக் கயிற்றோடு சேர்த்து நான் பிடிப்பேன் என்று முடிவு செய்தேன். அப்படியே பிடித்தேன். எட்டு முப்பத்தைந்துக்கு அவன் முகம் வந்தது. பின்னால் பச்சை மேடு, நனைந்த புல், காற்று. ஊரே பார்த்தது. கைதட்டினார்கள். அனிஷா அதை வீடியோ எடுத்தாள்.

அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பச் சொன்னதும் நான்தான்.

எழுந்தேன். ஷாம் "என்னய்யா?" என்றான். "ஒண்ணுமில்ல," என்றேன். பந்தலை விட்டு வெளியே வந்தேன்.

கருப்பட்டி அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால், சந்து முடிகிற இடத்தில் கார் நின்றது. கிளைட்டன் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்திருந்தான். அனிஷா வெளியே நின்று தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொடி ஏறும்போது நீ எங்கன நின்ன?"

அவன் தலையைத் தூக்கினான்.

"கேக்கேம்லா. முக்குலயா? மேட்டுலயா?"

"மேட்டுல."

"எத்தன நிமிஷம்?"

"போக வர அரை மணி நேரம் ஆயிருக்கும். சகதிப்பா. எட்டு பேர் தாண்டிட்டாங்க. பஞ்சர்னு எனக்குத் தெரியாது. மிச்சம் ரெண்டு பேரும் ஷாம் கூடத்தான் வருவாங்கன்னு நினைச்சேன். திரும்பி வந்து நின்னேன். ஷாம் வந்து சுடலை எங்கேன்னு கேட்டான். போயிருப்பான்னு நினைச்சிப் போயாச்சுன்னு சொல்லிட்டேன். அப்ப அது பொய்யின்னு எனக்கே தெரியாதுப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் ஆத்துல எடுத்தாங்க. போலீஸ் கேட்டாங்க. எல்லாரும் என் முகத்தையே பாத்தாங்க." ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். "நான் நின்னேன்னு சொல்லிட்டேன்."

"செத்தவன் மேல போட்டிருக்க."

"ஆமா."

"வேலைல இருக்கிறவன் அந்த இடத்த விட்டு நகரலாமால? என் தோணியில சுக்கான விட்டுட்டு அஞ்சு நிமிஷம் பீடி குடிக்கப் போனவன, அவன் பெண்டாட்டி வந்து கால்ல விழுந்தும் நான் திரும்ப ஏத்தல. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுமா போன?"

அவன் என்னை நேராகப் பார்த்தான். என் மகன் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முந்தின நாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புனீங்களே, ஞாபகம் இருக்கா? எட்டரைக்கு நீ போன்ல இல்லன்னா இனி தண்டல் வீட்டுப் பேரச் சொல்லாதன்னு. நான் அந்த முக்குல நின்னு போனையே பாத்துட்டிருந்தேன். புள்ளியே வரல. எட்டு இருபது ஆச்சு. நீங்க சொன்னதுதான் காதுல கேட்டுட்டே இருந்துச்சு. வேலை எனக்குப் பெரிசாத் தெரியலப்பா. உங்க கோவம்தான் பெரிசாத் தெரிஞ்சிச்சு."

சந்தின் மறுமுனையில் மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அப்போது எனக்கு முதலில் தோன்றியது சுடலைக்கண்ணன் அல்ல. அந்த வீடியோதான். அனிஷா பக்கம் திரும்பினேன்.

"அந்தக் கொடிப் படம் உன் போன்ல இருக்குல்லா? அழிச்சிரு. அத்தை போன்லயும் அழிச்சிரு."

"முந்நூறு பேருக்கு அனுப்பியிருக்கு மாமா. நீங்கதான் ஒவ்வொரு பேரா வாசிச்சீங்க. இந்த வீட்டுக்கும் போயிருக்கு."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அவங்க வந்த அன்னைக்கே. அஞ்சு நாளா ரெண்டு பேரும் தூங்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அனிஷா எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"நீங்க கேக்கவே இல்லையே மாமா. ஏர்போர்ட்டுல இறங்கினதும் நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். போலீஸ் தாள்ல நம்ம பேரு எப்படி வந்திருக்குன்னு."

நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் தகரம் சுட்டது. உள்ளே ஒரு பெண், பந்தல் நிறைய ஆண்கள் மத்தியில் தனியாக எழுந்து வந்து, தன் புருஷன் அப்படிப்பட்டவனில்லை என்று சொன்னாள். அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. அவளை உட்கார வைத்தது என் வாய்.

முக்கில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நேராகப் போ. அவன் நேராகப் போனான்.

"இறங்குல," என்றேன்.

"எங்கப்பா?"

"உள்ள. அவங்க முன்னால வந்து நின்னு சொல்லு."

"கொன்னுருவாங்க."

"கொல்லட்டும்."

"இப்பச் சொல்லி என்ன ஆகப் போவுது? அவன் எந்திரிச்சி வரப் போறானா?"

"அவன் பேரு எந்திரிக்கும். இறங்கு."

அவன் இறங்கவில்லை. கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டான். நான் கையைப் பிடித்து இழுத்தேன். முப்பத்திரண்டு வயது உடம்பு, அசையவில்லை. அனிஷா என் தோளைத் தொட்டாள்.

"நீங்க போங்க மாமா. நான் கூட்டிட்டு வாரேன்."

மணி இரண்டரை. மேளம் தொடங்கிவிட்டது. நான் பந்தலுக்குத் திரும்பி நடந்தேன். கடலில் புயல் பார்த்தவன் நான். அந்த நாற்பது அடி தூரம் எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிவனணைந்தபெருமாள் பெட்டியின் தலைமாட்டில் நின்று, தோள் கொடுக்கிறவர்களுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, மேளத்தக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க."

நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"காலையில நான் சொன்னது தப்பு. என் மகன் அந்த முக்குல நிக்கல. சுடலைக்கண்ணன் திரும்புனத அவன் பாக்கல."

யாரோ "என்னது?" என்றார்கள். ஷாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"என்னய்யா சொல்லுதீங்க? நான் போகும்போது நின்னானே?"

"நீ போகும்போது நின்னான் ஷாம். சுடலை வரும்போது இல்ல. மேட்டுக்குப் போயிட்டான், போன் பேச. கூப்பிட்டது நான்தான்."

சிவனணைந்தபெருமாள் என் கிட்டே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையைத் திருப்பி, வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"உமா. இங்கன வாம்மா. நீ சொன்னது சரின்னு சொல்லுதாரு. நீயே கேளு."

அவள் வந்தாள். இந்த முறை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். முக்கு, மேடு, விதி. "உன் புருஷன் மேல ஒரு தப்பும் இல்ல தாயி. அவன் விதிப்படிதான் போனான்."

அவள் அழவில்லை.

"போன்ல என்ன பேசுனீய?"

"என்னம்மா?"

"அந்த நேரத்துல. அங்கன நின்னவர மேட்டுக்கு வர வச்சி. என்ன பேசுனீய?"

எத்தனையோ துறைமுகத்தில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஒண்ணும் பேசல."

"ஒண்ணுமே பேசலியா?"

"கொடிக்கயித்துல வச்சிப் பிடிச்சேன். எங்க வீட்டுப் பேரு விட்டுப் போகக் கூடாதுன்னு."

"அவியளுக்கும் ஒரு பேரு இருந்துச்சு," என்றாள். "ஒரு வாரமா சந்தி சந்தியா நாறடிச்சிட்டீயளே."

உமாராணியின் அண்ணன் என்மேல் பாய்ந்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீங்க சொன்னது போதாது. நீங்க அங்கன இல்ல. பாத்தேன்னு சொன்னவரு வரட்டும். இந்தப் பெட்டிகிட்ட நின்னு, நான் பாக்கலன்னு அவரு வாயால சொல்லட்டும். அதுக்குப் பொறவு எடுங்க."

"ஏளா, நேரம் போவுது. இருட்டுக்கு முன்ன முடிக்கணும்லா," என்றார் ஒரு பெரியவர்.

"போவட்டும். பத்து நாள் பொறுத்தவிய இன்னும் கொஞ்சம் பொறுப்பாவ."

எல்லோரும் சிவனணைந்தபெருமாளைப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ சொல்லுததுதான். பெட்டிய இப்ப எடுக்காண்டாம்."

நான் சந்துக்கு நடந்தேன். கார் நின்ற இடத்தில் கார் இல்லை. அனிஷா மட்டும் கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து நின்றாள். தண்ணீர் பாட்டில் அவள் காலடியில் கிடந்தது.

"எங்க?"

"நீங்க உள்ள போனதும் வண்டிய எடுத்துட்டாங்க. நான் கதவைப் பிடிச்சேன். கேக்கல."

"தூத்துக்குடிக்கா போறான்?"

அவள் தலையை அசைத்தாள். "அந்தப் பக்கம் திரும்பல மாமா. மணப்பாட்டு ரோட்டுல போனாங்க."

மணப்பாட்டில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. பாறை உச்சியில் கோயிலும், அதற்குக் கீழே கடலும்தான்.

"ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவனுடைய கல்யாண மோதிரம் இருந்தது. "இதைக் கழட்டிக் குடுத்தாங்க."

ஷாம் என் பின்னாலேயே வந்திருந்தான். மோதிரத்தைப் பார்த்தான். அங்கே நின்ற யாருடைய பைக்கிலோ சாவி இருந்தது. ஏறி உதைத்து, அந்த ரோட்டில் திரும்பினான். மண் தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அனிஷாவைக் கூட்டிக்கொண்டு நான் பந்தலுக்குள் வந்தேன். பெட்டி பெஞ்சிலேயே இருந்தது. உமாராணி அதை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர்கள் ஓரமாகக் குந்தியிருந்தார்கள்.

"வாராரா?" என்று கேட்டார் சிவனணைந்தபெருமாள்.

"தெரியல, அண்ணாச்சி."

"அப்ப உட்காருங்க."

யாரும் நாற்காலி எடுத்துப் போடவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.